குரலிலிருந்து குறியீட்டுக்கு: செவிப்புலப் பிரமையைப் பதிவுசெய்ததன் வரலாறு

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் 'ஆர் 44.0' என்றொரு குறியீடு உண்டு. அருகில் எவரும் பேசாதபோதும் பேச்சோ ஒலியோ காதில் விழும் அனுபவத்தை, அதாவது செவிப்புலப் பிரமையை, அது குறிக்கிறது. அடுத்து வரும் ஆர் 44.1 கட்புலப் பிரமைக்கும், ஆர் 44.2 ஏனைய பிரமைகளுக்கும், ஆர் 44.3 இன்ன புலன் என்று சுட்டப்படாத பிரமைக்கும் உரியவை. இவையெல்லாம் அடங்கிய பகுதியின் தலைப்பிலேயே ஒரு விலக்குக் குறிப்பு இருக்கிறது. மனநோய் ஒன்றின் கூறாக அமையும் அறிகுறிகளை இங்கே சேர்க்கலாகாது என்பதே அது. மனநோய்கள் எஃப் வரிசைக்கு உரியவை. ஆகவே ஒருவருக்கு மனச்சிதைவு நோய் என்று முடிவுசெய்து எஃப் 20 என எழுதிவிட்டால், அவர் கேட்கும் குரலுக்குத் தனிக் குறியீடு கிடையாது. காரணம் இன்னதென்று தெரியாத வரையில்தான் குரலுக்கு ஏட்டில் ஓர் எண். காரணம் தெரிந்ததும் குரல் நோயின் பெயருக்குள் அடங்கிவிடுகிறது.

வகைப்பாட்டின் நோக்கில் இவ்விதி முற்றிலும் பொருத்தமானது. ஒன்றை இருமுறை எண்ணக் கூடாது. ஆனால் குரல் கேட்பது என்பது காய்ச்சல், வீக்கம் போன்ற அறிகுறி மட்டுமன்று. அது ஒரு பேச்சு நிகழ்வும்கூட. அதில் பேசுபவர் உண்டு, கேட்பவர் உண்டு, மொழி உண்டு, விளி உண்டு, சொல்லப்பட்ட செய்தி உண்டு. இந்தப் பேச்சு நிகழ்வில் எதை மருத்துவ ஆவணம் எடுத்துக்கொண்டது, எதை விட்டது, எதைப் பிற்காலத்தில் மீண்டும் தேடியது என்பதை ஏறத்தாழ 200 ஆண்டு அளவில் பின்தொடர்ந்து பார்க்கலாம். அவ்வாறு பார்த்தால், ஆர் 44.0 என்னும் சிறு குறியீடு நீண்ட சுருக்கத்தின் இறுதிக் கட்டம் என்பது புலப்படும்.

பெயர் வந்தபோது

ழான் எத்தியென் எஸ்கிரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1817இல் மருத்துவ அகராதி ஒன்றுக்கு எழுதிய கட்டுரையிலும், 1838இல் வெளியிட்ட மனநோய் நூலிலும் பிரமைக்கு ஒரு வரையறை தந்தார். புலன்களைத் தூண்டவல்ல புறப்பொருள் எதுவும் இல்லாதபோது, தாம் ஒன்றை உண்மையில் உணர்வதாக ஒருவர் கொள்ளும் உள்ளார்ந்த உறுதியே பிரமை என்பது அதன் சாரம். இருக்கும் பொருளைப் பிறழ உணரும் திரிபுக்காட்சியிலிருந்து அதை அவர் பிரித்தார். இன்று பாடநூல்களில் படிக்கும் வரையறையின் வேர் இதுவே.

இவ்வரையறை ஒரு பெரிய வேலையைச் செய்தது. தெய்வவாக்கு, பேயின் பேச்சு, இறந்தோரின் அழைப்பு என்று பேசுபவரை வைத்துப் பிரிக்கப்பட்ட அனுபவங்களை ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. பேசியது யார், பேசியது என்ன என்ற வினாக்களை ஒதுக்கி, புறப்பொருள் இருந்ததா இல்லையா என்ற ஒற்றை வினாவை முன்வைத்தது. அறிவியலுக்கு இது தேவையான சுருக்கம். ஆயினும் பேச்சின் உள்ளடக்கம் இரண்டாம் இடத்துக்குப் போகத் தொடங்கியதும் இங்கேதான்.

எஸ்கிரோலின் மாணவரான பையார்ஜே 1846இல் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டினார். சிலர் குரலைக் காதால் கேட்கிறார்கள். அதற்கு ஒலி உண்டு, திசை உண்டு. வேறு சிலருக்கு ஒலியே இல்லை. சொற்கள் மனத்துக்குள் தோன்றுகின்றன, ஆனால் தம்முடையவையாகத் தோன்றுவதில்லை. முன்னதைப் புலன்சார் பிரமை என்றும் பின்னதை உளப் பிரமை என்றும் அவர் பிரித்தார். ஒலி இல்லாத பேச்சைச் 'செவிப்புல' அனுபவம் என்று எப்படிப் பதிவுசெய்வது என்ற சிக்கல் அன்றே எழுந்துவிட்டது. அது இன்றும் தீரவில்லை. தமிழில் இச்சிக்கல் மேலும் வெளிப்படை. பிரமைக்குத் தமிழில் பெரிதும் வழங்கும் 'மாயத்தோற்றம்' என்ற சொல் கண்ணை நோக்கி உருவானது. மனநல மருத்துவரிடம் அதிகம் வருவதோ காதின் அனுபவம்.

சட்டத்தின் இரண்டு பத்திகள்

மருத்துவமனையின் ஏடு ஒருபுறம் வளர, சட்டத்தின் படிவம் மறுபுறம் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை மனநோய் விடுதியில் அடைக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அச்சட்ட மரபு இந்தியாவுக்கும் வந்தது. 1912ஆம் ஆண்டின் இந்திய மனப்பிறழ்வுச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. பித்துநிலையைக் காட்டும் செய்திகளாக மருத்துவர் தாமே கண்டவை முதற்பகுதியில் வர வேண்டும். பிறர் அவருக்குத் தெரிவித்தவை இரண்டாம் பகுதியில் வர வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தெழுதுமாறு சட்டமே கட்டளையிட்டது. இச்சட்டத்தின் இடத்தை 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எடுத்துக்கொள்ளும் வரை இப்படிவம் சட்டநூலில் நிலைத்திருந்தது.

மொழியியல் பயின்றோருக்கு இப்படிவம் பழகிய ஒன்றை நினைவூட்டும். ஒரு செய்தி எவ்வழியில் கிடைத்தது, தானே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்பதைச் சில மொழிகள் இலக்கண உருபாலேயே காட்டும். தமிழில் 'வந்தானாம்' என்னும்போது 'ஆம்' செய்யும் வேலை அதுதான். சான்றிதழ்ப் படிவம் இவ்வேறுபாட்டைச் சட்டமாக்கியது. பொய்க் குற்றச்சாட்டால் ஒருவர் அடைபடாமல் காப்பது அதன் நோக்கம்.

ஆனால் குரல் கேட்கும் அனுபவம் இவ்விரு பகுதிகளில் எதிலும் ஒழுங்காகப் பொருந்தாது. மருத்துவர் குரலைக் கேட்டதில்லை. அவர் கண்டது ஒருவர் தனியே இருக்கும்போது மறுமொழி சொன்னதையோ, குரல் கேட்பதாகத் தம்மிடம் சொன்னதையோதான். அந்தச் சொல்லை மருத்துவர் 'தாமே கண்ட' செய்தியாக எழுதும்போது, குரல் என்ன சொன்னது என்பது கூற்றுக்குள் கூற்றாகி மங்குகிறது. ஏட்டில் எஞ்சுவது 'குரல்கள் கேட்பதாகக் கூறுகிறார்' என்ற ஒரு தொடர். இத்தொடர் இன்றைய நோயாளிக் குறிப்புகளிலும் வாழ்கிறது.

ஒரே குரலுக்கு இரண்டு ஏடுகள்

இவ்வாறு மங்கும் செய்தியின் அளவை அறிய, கேட்டவரே எழுதிய ஏடு ஒன்று வேண்டும். அத்தகைய ஏடுகளில் புகழ்பெற்றது ஜெர்மனியின் சாக்சனி நாட்டு நீதிபதி டேனியல் பவுல் ஷ்ரேபர் 1903இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூல். பல ஆண்டுகள் மனநோய் விடுதியில் இருந்த அவர், தம் சட்ட உரிமையை மீட்க நீதிமன்றத்தில் தாமே வாதாடி 1902இல் வென்றவர். தமக்குக் கேட்ட குரல்களின் மொழியை அவர் மொழி ஆய்வாளரின் பொறுமையோடு விவரித்தார். அக்குரல்களுக்கெனத் தனி வழக்கு உண்டு என்றார். பல தொடர்கள் முடிவுபெறாமல் பாதியில் நின்றுவிடும் என்றும், எஞ்சியதை நிரப்பும் கட்டாயம் தம் மனத்தின்மேல் விழும் என்றும் எழுதினார். அத்தொடர்கள் நின்ற இடம் வரைக்கும் எடுத்துக்காட்டுகள் தந்தார்.

அந்நூலின் பிற்சேர்க்கையில் விடுதி மருத்துவரின் அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்பும் உள்ளன. ஒரே மனிதரின் அனுபவத்தை இரண்டு ஆவணங்கள் பேசுகின்றன. மருத்துவ அறிக்கைக்கு வேண்டியது அவர் தம் காரியங்களைத் தாமே நடத்தவல்லவரா என்ற முடிவு. ஷ்ரேபருக்கு வேண்டியது தாம் கேட்டதை உள்ளபடி நிறுவுவது. இரண்டும் நேர்மையான ஆவணங்களே. முடிவுபெறாத தொடர்களை நிரப்பியே தீர வேண்டிய ஓயாத உழைப்புதான் அவரை வாட்டியது என்பதோ அவர் எழுதிய ஏட்டில்தான் துலங்குகிறது.

இலக்கண இடம் நோயறிகுறி ஆதல்

ஷ்ரேபரின் காலத்திலேயே எமில் கிரேபெலின் வேறொரு ஆவண முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். நோயாளி ஒவ்வொருவரின் வரலாற்றிலும் இன்றியமையாதவற்றைச் சுருக்கி ஓர் அட்டையில் எழுதினார். அட்டைகளை அடுக்கவும் ஒப்பிடவும் மாற்றி அடுக்கவும் முடிந்தது. நோயின் போக்கையும் முடிவையும் வைத்து அவர் செய்த வகைப்பாட்டுக்கு இவ்வட்டைகள் உதவின. பின்னாளைய குறியீட்டு முறைகளுக்கு இது முன்னோடி எனலாம். அட்டை சிறியது, அதில் ஏறுவது அடுக்கத் தகுந்த செய்தி மட்டுமே.

'ஷிசோஃப்ரினியா' என்ற பெயரைத் தந்த ஆய்கன் பிளாய்லர், 1911இல் வெளிவந்த தம் நூலில், குரல் கேட்பதைத் துணை அறிகுறி என்றே வைத்தார். சிந்தனைத் தொடர்பு தளர்வது போன்றவையே அவருக்கு அடிப்படை. குரலை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தவர் குர்ட் ஷ்னைடர். வேறு உடல்நோய்க் காரணம் இல்லாதபோது மனச்சிதைவைத் துணிய உதவும் 'முதல்தர அறிகுறிகள்' என அவர் தொகுத்த பட்டியலில் மூவகைக் குரல்கள் இடம்பெற்றன. தன் எண்ணம் தனக்கே உரக்கக் கேட்பது முதல் வகை. தன்னைப் பற்றித் தமக்குள் விவாதிக்கும் குரல்கள் இரண்டாம் வகை. தன் செயல்களை உடனுக்குடன் வருணிக்கும் குரல் மூன்றாம் வகை.

இப்பட்டியலில் மறைந்திருப்பது ஓர் இலக்கணம். 'நீ' என்று முன்னிலையில் விளித்துப் பேசும் குரல் இதில் இல்லை. தன்னைப் படர்க்கையில் வைத்து, 'அவன்', 'அவள்' என்று தமக்குள் பேசும் குரல்கள் இருக்கின்றன. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பாகுபாடு நோயைத் துணியும் கருவியாயிற்று. இந்திய மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் இன்றும் 'முன்னிலைக் குரலா, படர்க்கைக் குரலா' என்று கேட்டெழுதக் கற்பதற்கு இதுவே காரணம். உள்ளடக்கம் ஒதுக்கப்பட்ட ஆவணத்தில் இலக்கண வடிவம் மட்டும் மீண்டும் நுழைந்தது.

ஷ்னைடர் எண்ணிப் பார்த்தது ஜெர்மன் மொழியில். அம்மொழியில் பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் இடத்தைத் தெளிவாகக் காட்டும். எல்லா மொழிகளும் அப்படியல்ல. இந்தியில் 'ஜா ரஹா ஹை' என்ற தொடரில் எழுவாய் இல்லையெனில், அது 'அவன் போகிறான்' என்றும் பொருள்படும். நெருக்கமான ஒருமையில் 'நீ போகிறாய்' என்றும் பொருள்படும். வினை வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. மலையாளத்தில் 'போகுன்னு' என்பது மூவிடங்களுக்கும் பொது. தமிழில் 'போகிறாய்', 'போகிறான்' என்று வினைமுற்றே இடத்தைக் காட்டிவிடுகிறது. எனவே ஷ்னைடரின் வேறுபாடு தமிழில் எளிது, இந்தியில் சில இடங்களில் மயக்கம், மலையாளத்தில் மறுவினா கேட்டே தெளிய வேண்டும்.

தமிழிலும் ஓர் இடர் உண்டு. 'நான் சோம்பேறி என்று சொல்கிறது' என்று ஒருவர் கூறினால், குரல் 'நீ சோம்பேறி' என்றதா, 'அவன் சோம்பேறி' என்றதா என்பது தெரியாது. கேட்டதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது இடம் மாறிவிடுகிறது. 'நான் போவதாகச் சொல்கிறது' என்பதில் வினைமுற்றே தொழிற்பெயராகி, இடத்தைக் காட்டும் விகுதி மறைந்துவிடுகிறது. குரல் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுமாறு கேட்டு, அதை அப்படியே எழுதினால் மட்டுமே ஷ்னைடர் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கும். மொழிபெயர்த்தோ சுருக்கியோ எழுதிய ஏட்டில் அவ்விடை அழிந்திருக்கும்.

மரணப் பட்டியலில் இடமில்லாத அறிகுறி

பன்னாட்டு நோய் வகைப்பாடு தொடங்கியது மரணக் காரணங்களின் பட்டியலாக. ஷாக் பெர்டியோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் 1893இல் முன்வைத்த பட்டியலிலிருந்து அதன் வரலாறு எழுதப்படுகிறது. அது இறந்தோரை எண்ணுவதற்கானது. குரல் கேட்பதால் எவரும் இறப்பதில்லை என்பதால் அதில் குரலுக்கு வேலையில்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடு இருப்போரின் நோய்களும் சேர்ந்தன. மனநோய்களுக்கெனத் தனி அத்தியாயமும் வந்தது.

ஒன்பதாம் திருத்தத்தின் அமெரிக்க மருத்துவமனை வடிவத்தில் பிரமைக்கு 780.1 என்ற எண் இருந்தது. காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகியவற்றின் பிரமைகள் எல்லாம் அந்த ஒரே எண்ணில் அடங்கின. கண்ணின் பிரமை மட்டும் பார்வைக் கோளாறுகளோடு 368.16 என்ற எண்ணில் தனியே நின்றது. 1990இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பத்தாம் திருத்தம்தான் காதுக்குத் தனி எண் தந்தது. ஏற்கெனவே சொன்ன விலக்குக் குறிப்போடு அது வந்தது.

அதே பத்தாம் திருத்தம் மனச்சிதைவை வரையறுக்கும்போது ஷ்னைடரின் இலக்கணத்தை ஏற்றது. நோயாளியின் நடத்தையை இடைவிடாது வருணிக்கும் குரல், அவரைப் பற்றித் தமக்குள் பேசும் குரல்கள், உடலின் ஒரு பகுதியிலிருந்து வரும் குரல் ஆகியவற்றில் ஒன்று ஒரு மாத அளவில் தெளிவாக இருந்தாலே போதும் என்றது. குரலின் வடிவம் நோயைத் துணியும் வாயிலாக இருந்தது. துணிந்த பின் குறியீட்டில் அதற்குச் சுவடில்லை.

ஆக்ராவும் மொழிபெயர்ப்பும்

1960களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் மனச்சிதைவு பற்றிய பன்னாட்டு முன்னோடி ஆய்வைத் தொடங்கியது. ஒன்பது நாடுகளின் மையங்களில் 1,202 நோயாளிகள் ஆராயப்பட்டனர். இந்தியாவின் மையம் ஆக்ரா. ஒரு நாட்டு மருத்துவர் எழுதும் நோய்ப்பெயர் மற்றொரு நாட்டில் அதே பொருள் தருமா என்பது ஆய்வின் அடிப்படைக் கேள்வி. அதற்காக ஜான் விங் குழுவினர் உருவாக்கிய நேர்காணல் வினாத்தொகுதி பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கப்பட்டது. நோயாளியோடு பேசும் குரல், நோயாளியைப் பற்றிப் பேசும் குரல் என்ற வேறுபாடு அவ்வினாக்களிலும் இருந்தது. மனச்சிதைவு எனத் துணியப்பட்டோரில் 74 விழுக்காட்டினரிடம் செவிப்புலப் பிரமை காணப்பட்டதாக 1973ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. ஒப்பிடத்தக்க ஆவணம் ஒன்று முதன்முறையாக உலக அளவில் கைகூடியது. இது சிறிய சாதனை அன்று.

ஆயினும் வினாவைப் பெயர்ப்பதில் உள்ள இடரைத் தமிழ்ச் சொல் ஒன்றே காட்டும். தமிழில் 'கேள்' என்பது செவியுறுதலையும், வினவுதலையும், கீழ்ப்படிதலையும் குறிக்கும். 'அந்தக் குரல் சொல்வதைக் கேட்கிறீர்களா?' என்று மருத்துவர் வினவினால், 'அது காதில் விழுகிறதா?' என்றும் பொருள், 'அதன்படி நடக்கிறீர்களா?' என்றும் பொருள். தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லும் ஏவற்குரலின் முன் இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதலாவது பிரமை உண்டா என்பது. இரண்டாவது உயிருக்கு ஆபத்து உண்டா என்பது. 'ஆம், கேட்கிறேன்' என்ற விடையை ஏட்டில் எப்பொருளில் எழுதுவது? 'குரல் எனக்குக் கேட்கிறது' என்ற நான்காம் வேற்றுமைத் தொடர் கேட்பவரின் விருப்பமின்றி நிகழ்வதைக் காட்டும். 'நான் குரலைக் கேட்கிறேன்' என்பது செயல். இவ்வேறுபாட்டை நோயாளி இயல்பாகவே பேச்சில் காட்டிவிடுகிறார். ஆங்கிலத்தில் எழுதும் ஏடு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஏடு சொன்ன சாட்சி

1973இலேயே டேவிட் ரோசன்ஹான் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் உட்பட நோயற்ற எட்டுப் பேர், தெளிவற்ற குரல் கேட்கிறது என்ற ஒரே முறையீட்டோடு 12 மருத்துவமனைகளுக்குச் சென்றதாகவும், ஒரு நேர்வு தவிர ஏனையவற்றில் மனச்சிதைவு என்றே பதிவானதாகவும், சேர்ந்த பின் இயல்பாக நடந்துகொண்டும் சராசரியாக 19 நாள் உள்ளே வைக்கப்பட்டதாகவும் அக்கட்டுரை கூறியது. உள்ளே அவர்கள் குறிப்பெடுத்ததுகூட நோயின் நடத்தையாக ஏடேறியது என்றார் ரோசன்ஹான். மனநோய்த் துணிபின் நம்பகம் பற்றிய விவாதத்தை அது கூர்மையாக்கியது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் எண்ணிச் சரிபார்க்கத்தக்க அளவுகோல்களைக் கொண்டுவந்தது.

சூசன்னா கஹாலன் என்னும் இதழாளர் 2019இல் வெளியிட்ட நூல் இக்கதையை மீண்டும் திறந்தது. ரோசன்ஹானைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையின் பதிவேடு கிடைத்தது. கட்டுரையில் சொன்ன தெளிவற்ற குரலைத் தவிர வேறு பலவற்றையும் அவர் மருத்துவரிடம் கூறியிருந்தார். இரைச்சலைத் தடுக்கத் தாமிரப் பாத்திரத்தைக் காதில் வைத்துக்கொண்டதாகவும், தற்கொலை எண்ணம் எழுந்ததாகவும் அதில் இருந்தது. அத்தகைய முறையீட்டோடு வந்தவரைச் சேர்த்துக்கொண்டது பிழையென்று சொல்வது கடினம். நோயாளி சொன்னதை விரிவாக எழுதிவைத்த ஒரு மருத்துவரின் ஏடு, பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு புகழ்பெற்ற ஆய்வைச் சோதிக்கும் சாட்சியாயிற்று. அந்த ஏட்டில் நோயின் பெயரும் எண்ணும் மட்டும் இருந்திருந்தால், ரோசன்ஹானின் கட்டுரை சோதிக்கப்படாமலே நின்றிருக்கும்.

அறுபது பேர், ஒரே குறியீடு

2015இல் மானிடவியலாளர் டி. எம். லுஹர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பத்மாவதி முதலியோர் ஒரு நேர்காணல் ஆய்வை வெளியிட்டனர். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் இருபதின்மரிடம் உரையாடினர். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் தம் அனுபவத்தை நோய்ப்பெயரைக் கொண்டே விளக்கினர். குரல்கள் அவர்களுக்கு ஊடுருவலாகவும் வன்முறையாகவும் இருந்தன. அக்ராவில் பலர் கடவுளின் குரலைப் பேசினர். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோர் கேட்டது உறவினரின் குரல். அக்குரல்கள் வைதன, கண்டித்தன. கூடவே வீட்டு வேலையைச் செய்யச் சொல்லி ஏவின.

இவ்வறுபது பேரையும் குறியீட்டில் எழுதினால் ஒரே வரிசையில் வந்துவிடுவர். சிகிச்சை அறையிலோ வேறுபாடு பெரிது. குளித்துவிட்டு வா என்று மாமியாரின் குரலில் சொல்வதைக் கேட்பவருக்கும், கொல் என்று முகமறியாத ஒருவன் சொல்வதைக் கேட்பவருக்கும் ஆபத்து ஒன்றன்று, துயரம் ஒன்றன்று, பேச வேண்டிய பேச்சும் ஒன்றன்று. நெதர்லாந்தில் மாரியஸ் ரோம், சாண்ட்ரா எஷர் ஆகியோர் 1987 முதல் வளர்த்த இயக்கமும் இதையே வலியுறுத்தியது. குரலின் வயது, உறவு, சொல், அது முதலில் வந்த சூழல் ஆகியவற்றைக் கேட்டெழுதும் நேர்காணல் முறையை அவர்கள் உருவாக்கினர். மருத்துவ உளவியலும் 1999 முதல் குரலின் உரப்பு, இடம், கால அளவு, அது தரும் துயரம் என்று 11 கூறுகளை மதிப்பிடும் அளவுகோலைப் பயன்படுத்துகிறது. எஸ்கிரோல் காலத்தில் ஒதுங்கிய உள்ளடக்கம் இவ்வாறு பக்கவாயிலில் திரும்பி வந்தது.

இன்றைய ஏடு

இப்போது இவ்வரலாற்றில் இந்தியாவுக்கு இரட்டை இடம் உண்டு. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பத்தாம் திருத்தத்தின் தன் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அங்குள்ள மருத்துவர் எழுதும் குறிப்புகளைப் படித்துக் குறியீடு இடும் பணியில் சென்னை, ஹைதராபாத், கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் இளம் பட்டதாரிகள் ஏராளமாக ஈடுபட்டுள்ளனர். ஒரு நோயின் இயல்பான கூறாக வரும் அறிகுறிக்குத் தனிக் குறியீடு கூடாது என்பது அவர்கள் கற்கும் அடிப்படை விதிகளில் ஒன்று. மருத்துவர் எழுதாததை ஊகித்து எழுதலாகாது என்பது மற்றொன்று. இவ்விதிகள் காப்பீட்டுக் கணக்கை நேர்மையாக வைக்கின்றன. ஆனால் ஏட்டின் முதன்மை வாசகர் குறியீட்டாளரே என்றாகும்போது, குறியீட்டுக்கு வேண்டாத செய்தியை எழுதுவதற்கு மருத்துவருக்கு நேரமும் ஊக்கமும் குறைகின்றன.

மறுபுறம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தேசிய, பன்னாட்டு மருத்துவ அளவுகோல்களின்படி துணிய வேண்டும் என்கிறது. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் அண்மைப் பதிப்பை அங்கே பெயரிட்டே சுட்டுகிறது. ஒருவரின் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளோடு அவர் ஒத்துப்போகாததை வைத்து மனநோயைத் துணியக் கூடாது என்றும் சொல்கிறது. தம் அடிப்படை மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவு நோயாளிக்கு அளிக்கிறது. பிரமையா சமய அனுபவமா என்ற வழக்கு மனநல மீளாய்வு வாரியத்தின் முன் வருமானால், ஆர் 44.0 என்ற எண்ணால் விடை சொல்ல முடியாது. குரல் சொன்னது என்ன, யார் குரல், எந்த மொழி, அதன் பின் அவர் செய்தது என்ன என்ற விவரம்தான் விடை சொல்லும்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் செவிப்புலப் பிரமையின் எண் எம்பி 27.20. ஷ்னைடரின் படர்க்கைக் குரலுக்கு அங்கே முன்போல் தனிச்சலுகை இல்லை. 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் அதைக் கைவிட்டுவிட்டது. அறிகுறிகளின் கடுமையைத் தனித்தனியே குறிக்க வழி வந்திருக்கிறது. இவை முன்னேற்றங்களே. ஆனால் எந்தத் திருத்தமும் குரலின் சொல்லைக் குறியீட்டுக்குள் வைக்கப் போவதில்லை, வைக்கவும் முடியாது. எண்ணுவதற்காக அமைந்த கருவியிடம் உரையாடலை எதிர்பார்ப்பது பொருந்தாது.

ஆகவே வினா குறியீட்டைப் பற்றியது அன்று. அதன் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றியது. நோயாளிக் குறிப்பில் 'நோயாளியின் சொற்களில்' என்றொரு வரி இருக்கிறது. அவ்வரியில் அவர் தமிழில் சொன்னதைத் தமிழிலும், இந்தியில் சொன்னதை இந்தியிலும், குரல் 'நீ' என்றதை 'நீ' என்றும், 'அவன்' என்றதை 'அவன்' என்றும் எழுதுவதற்குச் செலவு மிகக் குறைவு. அந்த வரி இருந்தால் அடுத்த மருத்துவர் ஆபத்தை அறிவார். வாரியம் உண்மையை அறியும். பதிவைக் கேட்டுப் பெறும் நோயாளி தாம் சொன்னது ஏட்டில் இருப்பதைக் காண்பார். எண்ணை இடுவதற்குக் குறியீட்டாளர் இருக்கிறார். சொல்லை எழுதுவதற்கு, எதிரே உட்கார்ந்து கேட்பவரைத் தவிர வேறு எவரும் இல்லை.